பன்னிரண்டு மீட்டர் விறகு

திங்களன்று வந்தது கடிதம்.
வெள்ளிக்குள் பதில் வேண்டுமாம்.
கலாமாவில் செம்புச் சுரங்கம்,
மூன்று மாடி உயர லாரி,
அதன் சக்கரமே என்னைப்போல் இரண்டு ஆள் உயரம்.
பெண் ஓட்டுநர்கள்தான் வண்டியை அடிக்காமல் ஓட்டுகிறார்களாம்.
ஊரோடு வந்து குடியிருக்க வேண்டும், குடும்பத்தோடு.
இங்கே, சிலோயே தீவில், நான் ஓட்டுவது
முப்பது பிள்ளைகள் ஏறும் பள்ளிப் பேருந்து.
சம்பளம் அங்கே மூன்றேகால் மடங்கு.

மின்கட்டண ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
வாடகை. தண்ணீர், பாலைவனத் தண்ணீர்.
கூரைத் தகரம் வாங்கிய கடன்.
பெனிசியோவின் மூச்சிரைப்பு மருந்து.
எல்லாம் போக மிச்சம் வந்தது.
நம்பாமல் மறுபடி கூட்டினேன்,
மிச்சம் நகரவில்லை.
எங்கள் வீட்டில் மிச்சம் என்பது
நேற்றைய உருளைக்கிழங்கு மட்டும்தான்.

பையனுக்கு ஈரம் ஆகாது என்றார் மருத்துவர்.
தூசியும் ஆகாது என்றார்.
இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஊர் இருக்கிறதா என்றேன்.
சிரித்துவிட்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எலியேசர் மீன்பண்ணையிலிருந்து வந்து
பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் வைத்தான்.
"நீ போனா நானும் வர்றேன்."
அது சம்மதமா, குறையா?
பதினாறு வருடமாக அவன் குரலில்
இரண்டுக்கும் ஒரே உயரம்.

மாரிசேல் போனில் அந்த ஊரை விரலால் பெரிதாக்கி
நாலு திரை சினிமா இருக்கு என்கிறாள்.
பெனிசியோ கேட்கிறான்,
"அங்க மழையே பெய்யாதாம்மா?
அப்போ என் ரெயின்கோட்டை யாருக்குக் கொடுக்கிறது?"
புதுக்கோட்டு. ஒரு அளவு பெரிதாக வாங்கியது,
அடுத்த வருடத்துக்கும் ஆகட்டுமென்று.

புதன் மாலை, வேலியோரம் பாமொந்தே.
"விறகை என்ன பண்ணப் போறீங்க?"
இவருக்கு யார் சொன்னது?
நான் மாரிசேலைப் பார்த்தேன்.
மாரிசேல் நாயைப் பார்த்தாள்.

பன்னிரண்டு மீட்டர்,
கோடையிலேயே வாங்கி
நானும் எலியேசரும் பிளந்து அடுக்கியது.
தட்டினால் மணிபோல் கேட்கும் லூமா.
சந்தை விலையைப்போல் இரண்டு பங்கு சொன்னேன்.
யாரும் வாங்காத விலை. அதற்காகத்தான் சொன்னது.
பாமொந்தே தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.
"சரி" என்றார்.

நேர்காணலிலும் இதேதான் நடந்தது.
எலியேசருக்குக்கூட இது தெரியாது.
எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றார்கள்,
போடி என்று அனுப்பிவிடட்டும் என
வாய்க்கு வந்த தொகையைச் சொன்னேன்.
திரையிலிருந்த அந்தப் பெண்
குறித்துக்கொண்டு, சரி என்றாள்.
மறுப்பை யாரிடமாவது வாங்கிவிடலாம் என்று
நான் விலையை ஏற்றிக்கொண்டே போகிறேன்,
உலகம் தலையாட்டிக்கொண்டே வருகிறது.

"பாதிதான் தருவேன்" என்றேன் பாமொந்தேயிடம்.

வியாழன் காலை டிராக்டரில் ஆறு மீட்டர் போயிற்று.
கொட்டகையில், விறகு இருந்த இடத்தில்,
கட்டில் அகலத்துக்கு வெளுத்த மண்.
வீடு கட்டிய நாளிலிருந்து மழை படாத மண்.
காலால் தேய்த்தேன்.
புகைபோல் எழும்பியது.
என் பின்னால் பெனிசியோ நின்றிருந்தான்.
இருமவில்லை.
தூசி அடங்கும்வரை நின்று பார்த்தேன்,
அவனை.
இருமியிருந்தால் என் வேலை முடிந்திருக்கும்.

இரவு எலியேசர் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனான்.
மீதியை எண்ணிவிட்டு, மழையில் நனைந்து வந்தான்.
"ஜூலை வரைக்கும் வரும்."
குரலின் உயரத்தை அளந்து பார்த்தேன்.
அடுப்பில் ஒரு கட்டையைச் செருகினான்,
கொஞ்சம் யோசித்து இன்னொன்றையும்.

நாளை வெள்ளி.
பேருந்தை ஏழேகாலுக்கு எடுக்க வேண்டும்.