கடன் கொப்பி

பள்ளிக்கூட மணி அடிக்க முன்னம் வருவான் நிதர்சன்.
ஒரு பைக்கற் செம்மஞ்சள் மிக்சர், ஒரு ரியூப்.
"மாசக்கடைசியில அம்மா தருவா."
எழுதிக்கொள்வேன்.
எட்டு மணிக்கே பச்சையாகிவிடும்
அவனுடைய நாக்கு.

மல்லாவியில் இந்தக் கடை தொடங்கிப் பன்னிரண்டு வருடம்,
ஆறு சீ.ஆர். கொப்பி.
ஆர் வீட்டில் எத்தனை சூப்கட்டி கரைந்தது,
எந்தச் சாமத்தியவீட்டுக்கு எத்தனை போத்தில் சோடா,
தர்சிகா காமென்ற்சுக்குப் போன நாள்முதல்
விடிய நாலரைக்கு அவித்த நூடில்ஸ்,
உதயசீலன் சீமெந்து குழைக்கும் நாட்களில்
மத்தியானத்துக்கு
இரண்டு பணிஸ், ஒரு சிவப்புச் சோடா.
எல்லாம் என் கையெழுத்தில்,
எழுத்துப்பிழையோடு.

பாதை பூட்டியிருந்த வருடங்களில்
ஒரு பிஸ்கற் பைக்கற்றின் வெறுந்தாளை
என் தங்கச்சி
பூமிசாத்திரப் புத்தகத்துக்குள் வைத்து
மணந்து மணந்து படிப்பாள்.
பிறகு பாதை திறந்தது.
லொறி லொறியாக நிறம் வந்து இறங்கியது.
மினுங்கியதெல்லாம் தின்றோம்.
அந்தப் பசியை
இன்றைக்கும் நான் பிழை சொல்லமாட்டேன்.

பைக்கற்றின் பின்பக்கம்
கண்ணாடி போட்டாலும் எறும்பு ஊர்வது போலத்தான்:
நூற்றிரண்டு,
இருநூற்றுப் பதினொன்று,
அறுநூற்று இருபத்தொன்று.
பெயர் சொல்லாமல் இலக்கத்தில் நிற்பவை.
முகாமில் எனக்கும் ஓர் இலக்கம் இருந்தது,
தண்ணிக்கு நிற்க, சாப்பாட்டுக்கு நிற்க.
உள்ளே ஆர் என்று ஒருவரும் கேட்கவில்லை.
நானும் இவைகளைக்
கேட்கவில்லை.

சுகாதாரப் பரிசோதகர் ஒருநாள் வந்தார்.
நாலு ரியூப், நாலு மிக்சர்,
அரக்கு முத்திரை.
மூன்று மாதத்தால் கடுதாசி: அளவுக்குள் இருக்கிறது.
சந்தோசத்தில் தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தேன்.
கோப்பை வெறுமையான பிறகுதான் கேட்கத் தோன்றியது,
"எத்தினை நாளைக்கு, ஐயா, அந்த அளவு?"
ஹெல்மெற் வாரை மாட்டினார்,
கழற்றினார்,
மாட்டினார்.
"ஒரு நாளைக்கு."

உதயசீலனுக்கு நாற்பத்தொரு வயது.
காலையில் முகம் வீங்கும், பின்னேரம் கால்.
கிளினிக்கில் கேட்டிருக்கிறார்கள்,
இவ்வளவு காலமும் என்ன சாப்பிட்டனீர்?
சோறு என்றிருக்கிறான்.
பொய்யில்லை, இரவில் சோறுதான்.

கடைபூட்டும் நேரம் வந்தான்.
"அக்கா, பழைய கொப்பியள் இருக்கே?"
அரிசி மூட்டையில் இருந்துகொண்டு
ஒவ்வொரு பக்கமாகக் கூட்டினோம்.
நாலாயிரத்து எண்ணூறு பணிஸ்.
இரண்டாயிரத்து நானூறு சோடா.
அவன் கட்டிய மதில்களை ஆரும் இப்படி எண்ணியதில்லை.

கிணத்துத் தண்ணியாகவும் இருக்கலாம்.
வயலுக்கு அடித்த மருந்தாகவும் இருக்கலாம்.
எடுக்கேலாது என்று விட்ட
இடுப்புக்குள் இருக்கிற இரும்பாகவும் இருக்கலாம்.
கொப்பிக்குக் காரணம் தெரியாது.
கூட்டல் மட்டும்தான் தெரியும்.

எழுநூற்று இருபது ரூபாய் பாக்கியை
மேசையில் வைத்தான்.
வெட்டிவிடவா என்று பேனையை எடுத்தேன்.
"வேண்டாம் அக்கா.
வெட்டினா டொக்டருக்கு வாசிக்கேலாமப் போயிடும்."
ஆறையும் உரப்பையில் சுற்றிச்
சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனான்.

நாளைக்கும் மணி அடிக்க முன்னம் நிதர்சன் வருவான்.
கச்சான் வறுத்துச் சுருள் சுற்றி வைத்திருக்கிறேன்.
வாங்குவானோ தெரியாது.
ரியூப்பை ஒளிக்கவும் இல்லை,
கரண்ட் பில் வந்து கிடக்கிறது.

புதுக் கொப்பி, ஏழாவது.
பெயர், சாமான், விலை.
விலைக்குப் பக்கத்தில்
அடிமட்டம் வைத்து இன்னொரு கோடு இழுத்தேன்.
அந்த நிரலுக்குத் தலைப்பு
என்ன எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை.