எண்பத்தேழு

நிலவில்லாத இரவாகப் பார்த்துக் கணக்கெடுத்தோம்.
கிளைவ் வண்டியை ஊர்த்த,
பின்தட்டில் நின்று விளக்கைச் சுழற்றினேன்.
புதருக்குப் புதர் கண்கள், இரண்டிரண்டாய்.
எண்பத்தேழு என்றேன்.
எழுபதைத் தாண்டாது என்றார்.
அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.
நோட்டில் எண்பத்தேழு என்றே எழுதினேன்.

கிம்பாவுக்கு வடக்கே இந்த நிலம், என் பெயரில்.
ஆட்டுக்குப் புல் போதாமல் போன மூன்றாவது வருடம்.
வளைவாய்களுக்கு எண்ணிட்ட குச்சி நட்டோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டில் குச்சி தீர்ந்தது,
வளை தீரவில்லை.

பிப்ரவரி. பசி எங்கள் பக்கம் இருந்தது.
முதல் இரவு வெறும் கேரட்.
நான்காம் இரவும் வெறும் கேரட்.
ஏழாம் இரவும்.
நம்ப வைப்பதுதான் முறை.
இவ்வளவு பொறுமையாய் நான் யாரையும்
விருந்துக்கு அழைத்ததில்லை.
பத்தாம் இரவு நாய்களைக் கட்டிப்போட்டோம்.

விடிந்ததும் கையுறையும் சாக்குமாய் நடந்தேன்.
ஒன்றின் பல்லிடுக்கில்
இன்னும் ஆரஞ்சுத் துணுக்கு.

பிறகு டார்கோ, புல்டோசரோடு.
மூன்றடி ஆழம், குறுக்கும் நெடுக்கும்.
மணிக்கணக்கில் கூலி வாங்குபவன்
எந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினான்.
புரட்டிய மண்ணில் ஒரு கைப்பிடி ரோமம்,
தாய் தன் வயிற்றிலிருந்தே பிடுங்கி
மெத்தையிட்டது.
"காலியாகத்தான் இருக்கு," என்றான்.
"சரி, ஏறு," என்றேன்.

ஆகஸ்டில் மழை மூன்று முறை வந்தது.
மேட்டில், உழுத தடத்துக்கு அப்பால்
விரல் உயரத்தில் ஒரு செடி.
இறகு போன்ற இலை. களை என்று
பிடுங்கக் குனிந்தேன்.
தண்டின் நுனியில் ஓர் இலை மட்டும் வேறு மாதிரி:
ஒடுங்கி, நீண்டு, வெள்ளி பூத்து.

மையால் மரம்.
என் வயது ஐம்பத்தொன்பது.
இங்கே பார்த்த மையால் எல்லாம்
நான் பிறக்கும்போதே கிழடு.
அவற்றுக்குக் குழந்தைகள் இப்படி இருக்கும் என்று
எனக்குத் தெரியாது.
முளைத்ததை எல்லாம் யாரோ
இரவோடிரவாய்த் தின்று வந்திருக்கிறார்கள்,
கத்தியால் சீவியதுபோல் சாய்வாக.

கிளைவ் பழைய கோழிவலையை வெட்டி வளைத்தார்.
முளை அடிக்கும்போது பார்த்தேன்:
மிளகு சிதறியதுபோல் புழுக்கை.
காயாதது.

வேலிக்கு அந்தப்பக்கம் ஷிர்மரின் நிலம்.
அடிலெய்டில் பல் மருத்துவர். சனிக்கிழமை விவசாயி.
பத்திரத்தில் கோடு நேராக இருக்கிறது,
கம்பியில் துரு.
நான்கு கடிதம் எழுதியாயிற்று.
இந்த முறை போன் செய்தேன்,
வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டு.

எடுத்தது அவர் மகள்.
அப்பா வெளியே போயிருக்கிறாராம்.
அடுக்கியது எல்லாம் சரிந்தது.
"உங்க பண்ணையில் முயல் எத்தனை இருக்கு?"
என்று கேட்டு வைத்தேன்.
"நிறைய. எனக்குத் தெரிஞ்சது பதினொண்ணு,"
என்று பெயர் சொல்லத் தொடங்கினாள்.

நோட்டைத் திறந்தேன்.
எண்பத்தேழுக்குக் கீழே
ஒவ்வொன்றாய் எழுதிக்கொண்டேன்.