உறை இன்றி

ஹெக்ஸம் ஏலக்கூடத்தில்
பழுது பார்ப்பது என் வேலை.
சரிசெய்வதல்ல, பார்ப்பது மட்டும்.
கீறல், பொருக்கு, ஒட்டுப்போட்ட காது,
யாரோ பிற்காலத்தில் மாற்றிய திருகாணி.
அழகைப் பற்றி வேறொருவர் எழுதிக்கொள்வார்.

திருமதி இசபெல் சார்ல்ட்டன்
சமையலறை மேசைமேல் பூத்துவாலை விரித்து
வாளைக் கிடத்தியிருந்தார்.
குளிப்பாட்டிய குழந்தை மாதிரி என்று சொல்லவந்தேன்.
எண்பத்தொன்பது வயது முகம்
உவமைகளைப் பொறுக்காது போலிருந்தது.

குறிப்பெடுத்தேன்.
கைப்பிடி சுறாத்தோல், வெள்ளிக் கம்பிச் சுற்று,
ஓரிடத்தில் கம்பி தளர்ந்திருக்கிறது.
கைக்காப்பு பித்தளை, பொன்முலாம்,
கொடியும் மொட்டுமாகக் குடைந்த வேலை.
குமிழில் சிங்கத்தலை; அதன் பிடரி
முதுகு வழியே இறங்கி
உள்ளங்கை படும் இடத்தில் மழுங்கியிருக்கிறது.
அலகைத் தீட்டவே இல்லை.
கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன்.
பக்கத்தில் கிடந்த வெண்ணெய்க்கத்தி
இதைவிடப் பொல்லாதது.

சிங்கத்தின் கடைவாயில் வெள்ளையாய் ஏதோ.
மெழுகா?
"சர்க்கரை" என்றார்.
"எங்கள் கல்யாணக் கேக். ஐம்பத்தேழு, ஜூன்.
அது வெட்டியது அதை மட்டும்தான்.
இரண்டாம் அடுக்கில் சிக்கிக்கொண்டது."

துருவைப் பிறகுதான் கவனித்தேன்.
அலகு முழுக்கக் கண்ணாடி,
கைக்காப்பை ஒட்டி அரை விரல் அகலத்தில் மட்டும்
கருஞ்சிவப்பு வளையம்.
உறையில் செருகினேன். இறங்கியது, இறங்கியது,
அரை விரல் மிச்சம் வைத்து நின்றுவிட்டது.
அழுத்தினேன். அசையவில்லை.
இத்தனை வருட ஈரமும்
அந்தச் சந்தில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறது.

அலகில் பொறித்திருந்தது: ஆர். சி.
உறையின் வாயில்: ஈ. எஃப்.

"தேவாலய வாசலில் எட்டுப் பேர்
வாள் தூக்கி வளைவு பிடித்தார்கள்.
குனிந்து வெளியே வந்தோம்.
அப்புறம் ஷாம்பெயின்.
யாருடையது எதில் போனதென்று யார் பார்த்தார்கள்?"

ஈ. எஃப்.?

எழுந்துபோய்க் கெட்டிலை வைத்தார்.
தண்ணீர் கொதிக்கும்வரை பேசவில்லை.
கொதித்த பிறகும்.
"நன்றாக ஆடுவார்" என்றார் கோப்பையிடம்.
பிறகு என்னிடம்:
"ரால்ஃப் ஒவ்வொரு நவம்பரிலும் மெருகேற்றுவார்.
அந்த இடத்துக்கு மட்டும் துணி போகாது.
ஒரு கடிதம் போட்டால் மாற்றிக்கொண்டிருக்கலாம்.
அவர் போடவில்லை.
நான் கேட்கவும் இல்லை."

ஒரே உறையில் இரண்டு வாள் இருக்காது
என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.
மொழிபெயர்க்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.
இங்கே இருந்தது ஒரு வாள்,
அதுவும் முழுதாக இல்லை.

"வாளை எடுத்துக்கொள்ளுங்கள்."
உறையை?
"அது விற்பனைக்கில்லை."
உறை இல்லாவிட்டால் பாதி விலைகூட வராது,
சொல்லவேண்டியது என் கடமை, சொன்னேன்.
"வரவேண்டாமே."

நடையில் குடைத்தாங்கி.
இரண்டு குடைக்கும் ஒரு கைத்தடிக்கும் நடுவே
உறையை நிறுத்தினார்.
ஒரு விரலால் தள்ளிப் பார்த்து,
நிற்கிறது என்று தெரிந்ததும்
எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

மழை. வேனின் பின்பக்கம் துவாலைக்குள் வாள்
ஒவ்வொரு திருப்பத்திலும் எதையோ தட்டிக்கொண்டு வந்தது.

சர்க்கரையை நான் துடைக்கவில்லை.
பட்டியலுக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்:
அதிகாரியின் சடங்கு வாள்.
அலகின் அடியில் துரு.
உறை இன்றி.

ஏலத்துக்கு முந்தின நாள்
லைப்சிகிலிருந்து ஒருவர் போனில் வந்தார்.
நல்ல வாள், படம் பார்த்தேன்,
உறை என்ன ஆயிற்று, தொலைந்துவிட்டதா?

இல்லை என்றேன்.

மேலே ஏதாவது சொல்வேன் என்று
அவர் காத்திருந்தார்.
நானும்.