இரண்டு விரல்

ஒரு விரல் என்றால் நலம்.
இரண்டு விரல் என்றால் எடுத்துவிடுங்கள்.
இதைத்தான் முதலில் சொல்லித்தருவேன்,
கலவையின் விகிதமெல்லாம் அப்புறம்.

யீ ஹுவி மேசைமேல் படுத்தாள்.
நீச்சல் தொப்பிக்குள் முடி.
புருவத்தில் வாசலின் தடவினான் ஹைகல்,
ஒரு மயிரும் விடாமல்,
பரீட்சைத் தாளில் தன் பெயரை எழுதுகிறவன் போல.

கடற்பாசி மாவில் தண்ணீர் விட்டதும்
பல் மருத்துவர் அறையின் வாசம்.
நான்கு நிமிடம்தான், பேசாதே, ஊற்று.
நெற்றியில் தொடங்கி வழியவிடு,
மூக்கருகே கையை மெதுவாக்கு,
துளை இரண்டும் திறந்திருக்கட்டும்.
சிலர் உறிஞ்சுகுழல் செருகுவார்கள்.
என் வகுப்பில் உறிஞ்சுகுழல்
ஐஸ் கோப்பிக்கு மட்டும்.

முகம் மறைந்தது.
மேலே சாந்துத் துணி, பட்டை பட்டையாக
நனைத்து, பிழிந்து, அழுத்தி.
இனிக் காத்திருக்க வேண்டும், பன்னிரண்டு நிமிடம்.
நான் அதை வீணாக்குவதில்லை.
வாரத்துக்கு எட்டு மணிநேரச் சம்பளத்தில்
கலை வரலாறு என்பது
சாந்து இறுகும் இடைவெளிகளில் நடப்பது.

மிடில் ரோட்டில் மழை.
எதிர் புளோக்கின் மூங்கில் கழிகளில்
யாரோ மறந்த பள்ளிச் சீருடை, இரண்டாம் முறை துவைபடுகிறது.
இந்த ஊரில் சாந்து சொன்ன நேரத்தில் இறுகிவிடும்;
காய்வதற்குத்தான் வாரக்கணக்கு.

கல்லைக் குறைத்தவர்களைச் சொன்னேன்.
களிமண்ணைக் கூட்டியவர்களை.
முன்னோர் முகங்களை மெழுகில் எடுத்து
வீட்டு அலமாரிக்குள் பூட்டி வைத்த ரோமானியரை.
அப்படியே கடல் தாண்டிக் காவிரிக்கரை:
உரு செய்து, வண்டல் பூசி, சுட்டு,
உருகி வடிந்த வழியிலேயே உலோகத்தை ஊற்றி...
ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்த வாக்கியத்துக்குள்
மெழுகு என்று ஒரு சொல் தமிழில் விழுந்தது.
பவதாரிணி நிமிர்ந்தாள்.
மற்றவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்,
அந்த ழகரத்தை எப்படி எழுதினார்களோ.

கதை ஓடிய ஓட்டத்தில்
"உள்ளே வெற்றிடம்" என்றேன்.

மேசையில் இரண்டு விரல்.

யார் எதைப் பிடித்தோம் தெரியாது.
ஹைகல் தாடையில், நான் நெற்றியில்.
துணி, பாசி, எல்லாம் ஒரே இழுப்பில்.
என் கை நடுங்கியதை
நாற்காலி பிடித்து மறைத்தேன்.
மூச்சா? கண்ணா? எரிகிறதா?

எழுந்து உட்கார்ந்தாள்.
ஒரு புருவத்தில் இளஞ்சிவப்புப் பிசிறு.
"மிஸ், சோழர் சிலை வெற்றிடம் இல்லை.
போன வாரம் முழுக்க உலோகம் என்றீர்கள்.
அதனால்தான் கனம்,
பீடத்தில் கழி செருக ஓட்டை,
தூக்க நாலு தோள் என்றீர்கள்.
டெஸ்டில் எதை எழுத?"

மழையின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
பிறகு ஹைகல் சிரித்தான், சாந்துக் கையால் வாயைப் பொத்தி.

முழுக்க உலோகம். அதையே எழுது.
பலகையில் அழித்தேன், கைக்குட்டையால்.
துடைப்பான் எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை.

அச்சைத் திருப்பிப் பார்த்தோம்.
கண் இமை, கன்னம், எல்லாம் நன்று.
கீழுதட்டில் ஒரு கிழிசல்.
இருக்கட்டும், ஊற்றலாம் என்றாள்.
தண்ணீரில் சாந்தைத் தூவு,
சாந்தில் தண்ணீரை அல்ல,
தீவு போல மேலே நிற்கும்வரை தூவு.

வெளியே வந்த முகத்தில் கண்கள் உறங்குகின்றன.
கிழிசலில் புகுந்த சாந்து
உதட்டில் ஒரு பிசிறாய் நீட்டிக்கொண்டிருக்கிறது.
அரத்தை நீட்டினேன். வேண்டாம் என்றாள்.
பத்துக்கு ஆறு போட்டேன்.
அதற்கும் வந்து வாதாடினாள், ஏழானது.

இப்போது என் மேசைக்கு மேல் ஆணியில் அந்த முகம்.
தேதிகளைச் சொல்லும்போது
கண் தானாக அங்கே போய்விட்டு வருகிறது.
விடுமுறையில் தூசு தட்டக் கழற்றினேன்.
பின்பக்கக் குழிவில், பென்சிலில்,
அவள் கையெழுத்து:
உள்ளே வெற்றிடம்.
சரிபார்த்தது, யீ ஹுவி.