மூன்றாம் இலக்கம்

மாங்குளத்தில் விடிய நாலு மணி.
சங்கக் கொட்டிலின் பலகையில்
சோக்கட்டியால் எழுதின என் இலக்கம்
மூன்றாவதாக நிற்கிறது.
பனியில் நனைந்த படங்கின்மேல்
ஒரு நாய் சுருண்டு கிடக்கிறது.
அதற்கு முறையுமில்லை, லீசிங்குமில்லை.

முதல் வருசம் நான்
முன்னுக்கு நிற்க ஓடினேன்.
இரவு பதினொன்றுக்கே வந்து
ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கி
முதல் ஆளாய் எழும்பி
வந்ததையெல்லாம் ஏற்றினேன்:
கிரவல், விறகு, ஒருக்கால்
கலியாண வீட்டுக் கதிரை.
பத்தாம் திகதி லீசிங்காரன் போன் அடிக்கையில்
பெட்டி நிறையத் தூசிதான் இருந்தது.
பிறகுதான் பிடிபட்டது,
பின்னுக்கு நிற்கவும் நேரம் பார்க்கவேணும்.

பவளராணியின் கொப்பியை
எட்டிப் பார்க்கத் தேவையில்லை.
கிட்டத்து ஓட்டமென்றால் பேனை கிறுக்கும்,
தூரத்து நெல்லென்றால்
உறுத்து உறுத்து எழுதும்.
இன்றைக்கு மூன்று கிறுக்கல்,
அதன் கீழே ஒரு நிதானம்.

மூன்றும் சீமெந்துக் கல், ஒட்டுசுட்டானுக்கு.
கூலி டீசலுக்குச் சரி,
கிளீனர் பெடியனின் சோற்றுக்குச் சரி,
கல்லையும் நாங்களே இறக்கவேணும்,
திரும்பி வர வெறும் பெட்டி.
நாலாவது நெல், பொலன்னறுவைக்கு.
வரும்போது தவிடாவது கிடைக்கும்.
எனக்கு மூன்று.
நெல்லுக்கு நாலு.

பழுதென்றால் ஓரிடம் பின்னுக்குப் போகலாம்,
முறை வெட்டுப்படாது.
சங்கத்தின் எட்டாம் விதி.
ஜக்கை எடுத்து
பின்சில்லை அரையடி தூக்கினேன்.
ஒன்றுமில்லாத சில்லு.
கையில் கிறீஸ் பூசினேன்,
முகத்திலும் கொஞ்சம்.

நிமிர்ந்து பார்த்தால்
புஸ்பகாந்தன் பொனற்றைத் திறந்து
என்ஜினுக்குள் தலையை விட்டிருக்கிறான்.
அன்ரனின் டாட்டாவுக்குக் கீழே
இரண்டு செருப்பு மட்டும்.
போன் பாட்டுக்கு அவை தாளம் போடுகின்றன.
ஒரே இரவில் எல்லா லொறியும் நொண்டி.

பவளராணி ரோச் அடித்துக்கொண்டு வந்தாள்.
ஒவ்வொரு சில்லாய்ப் பார்த்தாள்.
"எல்லாருக்கும் பழுதெண்டால்
ஒருத்தருக்கும் பழுதில்லை.
எழுதினபடி ஏத்துங்கோ."

அப்போதுதான் நாலாம் இலக்கத்திலிருந்து
குணமலர் இறங்கி வந்தாள்.
"அக்கா, என்ர மெயின் பிளேட் முறிஞ்சு போச்சு."
கொட்டில் முழுக்கச் சிரிப்பு.
அன்ரனின் செருப்பும் சிரித்தது.

நான் இன்னும் நிலத்தில்தான் கிடந்தேன்.
பக்கத்து லொறியின் அடி
எனக்கு நேரே தெரிந்தது.
முறிவு புதிது.
துருப்பிடித்த பிளேட்டின் நடுவே
மீன்வயிறு மாதிரி ஒரு வெள்ளை.
"உண்மைதான்" என்றேன்.
கிறீஸ் முகத்தோடு நான் சொன்னதை
முதலில் ஒருவரும் எடுக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள்.
என் ஜக்கைப் பார்த்தாள்.
"ஒட்டுசுட்டானில பட்டறை இருக்கு.
உங்கட கல்லில அரை லோட் தாங்கோ,
உருட்டிக்கொண்டு போவன்.
நெல்லை நீங்க கொண்டுபோங்கோ."
இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம்.
என் விரல் பட்ட இடத்தில்
கொப்பி கறுத்தது.

பொலன்னறுவை மில் வாசலில்
எனக்குக் கிடைத்த துண்டு நாற்பத்தொன்று.
அங்கே ஜக்கடிக்கும் ஆட்களுக்குச்
சிங்களத்தில் என்ன பெயரோ தெரியாது.
எனக்கு முன்னால் நாலு பேர் சில்லுத் தூக்கியிருந்தார்கள்.
மூன்று பகல், இரண்டு மழை.
மூட்டை நனையாமல்
படங்கின் ஓரத்தைப் பிடித்தபடி
கூலியைக் கூட்டினேன், கழித்தேன்,
மறுபடி கூட்டினேன்.
தவிடும் கிடைக்கவில்லை.

திரும்பி வந்த இரவு
பலகையில் எனக்குப் பத்தொன்பது.
குணமலருக்கு மூன்று.
இந்த மூன்று நாளில்
ஏழு நடை கல் அடித்தாளாம்,
புதுப் பிளேட்டின் காசும் வந்துவிட்டதாம்.

நடந்துபோய்ப் பார்த்தேன்.
அவள் லொறியின் பின்சில்லு
நிலத்திலிருந்து அரையடி மேலே.
பக்கத்தில் குந்தியிருந்தவள்
"பழுது, அண்ணை" என்றாள்,
முகத்தில் கொஞ்சம் கிறீஸோடு.