நுரைக்கண்

கப்பலொன்றின் மலத்தொட்டிக்குள்
எட்டு வருஷம் விழித்திருந்த கண்.
கொழும்புத் துறைமுகத்தில் கழற்றியதை
பெனடிக்ட் அண்ணன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.
நானுஓயா வீதி ஹோட்டலின் பின்புறம்
கழிவுத் தொட்டி மூடிக்கடியில் பூட்டினோம்.

நுரை எழுந்தால் காணும்.
கண்டால் பம்பு ஓடும்,
எண்ணெய் மாதிரி ஒரு மருந்து சொட்டும்,
நுரை படுத்துவிடும்.
கடலில் அப்படித்தானாம்.

முதல் இரவே கேன் காலி.
இரண்டாம் இரவும்.
சம்பளத்தில் கழிப்பேன் என்றார் மனேஜர்.

மூன்றாம் இரவு டோர்ச்சோடு குந்தியிருந்தேன்.
இரண்டரை மணி.
தொட்டியில் ஒரு குமிழி இல்லை,
ஆறிப்போன பிளேன்டீயாய்க் கிடந்தது தண்ணீர்.
பிதுருதலாகலையிலிருந்து இறங்கிய பனி
மூடியின் வெடிப்பால் உள்ளே நுழைந்தது,
வெள்ளையாய், மெதுவாய்.
கண் கண்டது.
பம்பு உறுமிற்று.

மலைக்கு மருந்தூற்றிக்கொண்டிருந்தது
கப்பல்.

சிரித்தேன். பிறகு
சம்பளம் ஞாபகம் வந்தது.

விடியமுன் கண்ணைக் கழற்றி
இரண்டு கம்பிகளை இறக்கினேன்.
நுரை தொட்டால் மின்சாரம் கடக்கும்,
பனி எத்தனை தொட்டாலும் கடக்காது.

மனேஜரிடம் பனி என்று சொல்லவில்லை.
வாஷர் தேய்ந்திருந்தது என்றேன்.