உதட்டளவில்

அவளை மட்டும் உள்ளே அழைத்தார்கள்.
மீன்தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியை
எனக்குக் காட்டிய செவிலி
சிரிக்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம்
என்ன கேட்டிருப்பார்கள் என்று தெரியும்.
கிரீனக் ஊரே கேட்டு முடித்திருந்தது,
என் பேக்கரி வரிசையில்
சில்லறை எண்ணும் சாக்கில்:
இஷ்பெல்லின் மேலுதடு ஏன்
அடிக்கடி இப்படி வீங்குகிறது?
ஊர் வாய்க்கு ஏது மூடி.

மார்ச்சில் வந்தது, தானே வடிந்தது.
மே மாதம் வந்தது, வடியவில்லை.
ஈறு சிவந்து தடித்து
பிரஷ் பட்டால் ரத்தம்.
ஒருவர் பல்லைச் சுரண்டினார்.
ஒருவர் ஒவ்வாமை என்றார்.
ஒருவர் அக்கி என்று களிம்பு தந்தார்.
படகுத்துறைச் சீட்டு ஜன்னலில்
மஃப்ளரை மூக்குவரை இழுத்துக்கொண்டு
அவள் டிக்கெட் கிழித்தாள்.
உதடு சேர்ந்தால்தான் வரும் எழுத்துகள்
அவளிடம் வழுக்கின.
என் பெயர் மர்டோ.

கிளாஸ்கோவில் டாக்டர் ஒகுண்டிபே
உள்ளுதட்டில் அரிசியளவு வெட்டியெடுத்தார்.
குடலைப் பார்த்தார்கள், நெஞ்சைப் படமெடுத்தார்கள்,
இரண்டிலும் ஒன்றுமில்லை.
நுண்ணோக்கியில் மட்டும்
செல்கள் கும்பல் கும்பலாய்,
யாரை அடிக்கக் கூடினோம் என்பதே
மறந்துபோன மாதிரி.
கிரானுலோமா என்று
தாளில் எழுதிக் காட்டினார்.

பிறகுதான் என்னை உள்ளே கூப்பிட்டார்.
"என்ன வேலை செய்கிறீர்கள்?"
சொன்னேன்.
"பட்டை சேர்ப்பீர்களா?"

ஏழு வருடம்.
விடியற்காலை முதல் தட்டில்
முதல் பட்டை பன் அவளுக்குத்தான்,
காகிதத்தில் சுற்றி, சூடு ஆறுமுன்.

"இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன்"
என்றார் டாக்டர்.
"பன்னிரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள்.
பட்டை, பென்சோவேட், அந்தப் பற்பசையும்."
அடித்தாயா என்று
கண்ணால் கேட்டவர்களுக்கெல்லாம்
இல்லை என்று கண்ணாலேயே சொன்னவன் நான்.
ரயிலில் திரும்பும்போது
ஜன்னலைப் பார்த்தபடி வந்தேன்.

இப்போது வாசலிலேயே கோட்டைக் கழற்றுகிறேன்.
முழங்கைவரை சோப்பு.
சாஸ் புட்டிகளின் பொடி எழுத்தை
கடையில் நின்று இருவரும் வாசிக்கிறோம்,
அவள் கண்ணாடி மறந்த நாட்களில் நான் மட்டும்.
பட்டை பன் எங்கே என்று கேட்ட பாதிரியாரை
வேறு கடைக்கு அனுப்பினேன்.

ஒன்பதாம் வாரம் வீக்கம் இறங்கியது.
இடது ஓரம் மட்டும் இன்னும் கல்லாக;
அதற்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள்,
என் விரலை நசுக்கிக்கொண்டு
பொறுத்துக்கொண்டாள்.
மறுபடி வரலாம், வராமலும் போகலாம்.

நேற்று,
அடுப்பை அணைக்க மறந்ததற்கு
என்னைப் பெயர் சொல்லித் திட்டினாள்.
முதல் எழுத்து
சுத்தமாக ஒட்டிப் பிரிந்தது.
இன்னொரு தடவை சொல் என்றேன்.
முறைத்தாள்.